6. பேர் எழுதுகிறவர் யார்? கற்பனை உலகில் பெயரும் குடும்பப் பெயரும்

மிகுபுனைவு எழுத உட்காருகிற பலர் நில வரைபடம் போட்ட கையோடு பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் எல்லோருக்கும் இரண்டு சொல் இருக்கும். முதலாவது ஆளின் பெயர். இரண்டாவது குலப்பெயர் போல ஒலிக்கிற ஏதோ ஒன்று. தளபதிக்கும் இரண்டு, இடையனுக்கும் இரண்டு, ஓடக்காரனுக்கும் இரண்டு. இங்கிலீஷ் நாவல்கள் வழியாக ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்த உலகத்தில் இடையனுக்கு இரண்டாவது பெயர் எதற்கு, அதை அவனிடம் யார் கேட்டார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது.

பெயரின் ஓசையைப் பின்னால் பார்ப்போம். முதலில் தீர்மானிக்க வேண்டியது, உங்கள் உலகத்தில் ஏடு யார் கையில் இருக்கிறது என்பதை. ஊருக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதற்குக் குடும்பப் பெயர் தேவைப்படுவதில்லை. வரிக்கோ, நிலத்துக்கோ, படைக்கோ, கூலிக்கோ வெளியாள் ஒருவர் வந்து ஏட்டைத் திறக்கும்போதுதான் 'எந்த முனியாண்டி?' என்ற கேள்வி எழுகிறது. அதற்குக் கிடைக்கும் பதில் நிலைத்துவிட்டால் அது குடும்பப் பெயர் ஆகும். நிலைக்காமலும் போகலாம். நிலைக்காமல் போன இடங்களில்தான் எழுத்தாளருக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம். அதனால் எனக்குப் பழக்கமான, இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பிரதேசத்தையே இந்த அத்தியாயத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று மலை மலையாகத் தேயிலை. அந்த மலைகளில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள். பல தலைமுறையாக அங்கே வாழும் தமிழர்களில் பெரும்பாலானோருக்கு இன்றும் குடும்பப் பெயர் கிடையாது.

செக்ரோலும் பேரும்

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில் வேலை பிரிப்பார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு மலைக்கு, தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் வேறொரு மலைக்கு. கொழுந்து நிறுத்து முடிந்து கணக்கு ஏறும் ஏடு செக்ரோல். ஒரு நாள் கூலிக்கு அங்கே 'பேர்' என்றுதான் சொல். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 'இந்த மாசம் எத்தன பேரு?' என்று ஒருத்தி கேட்டால், எத்தனை நாள் கூலி என்று அர்த்தம். பேர் விழுந்தால் அன்றைய அரிசிக்கு வழி உண்டு. விழாவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றதற்குச் சாட்சி இல்லை.

கற்பனை உலகம் கட்டுகிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெயருக்கு மந்திர சக்தி வைப்பது மிகுபுனைவில் பழைய வழக்கம். அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் நாயகனுக்கு மூன்று பெயர்கள். சிறுவயதில் டனி, ஊர் அறிந்த பெயர் ஸ்பாரோஹாக், உண்மைப் பெயர் கெட். உண்மைப் பெயரை அறிந்தவர் ஆளையே கட்டுப்படுத்தலாம் என்பதால் அதை நம்பிக்கையானவர்களுக்கு மட்டுமே சொல்வார்கள். டோல்கீனின் குள்ளர்கள் தங்கள் சொந்த மொழிப் பெயரைக் கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. ஒளித்து வைத்த பெயருக்கு வலிமை என்பது இவர்கள் கண்ட வழி. திம்புள்ளயில் வலிமை எழுதி வைத்த பெயருக்கு. அம்மா மடியில் வைத்துக் கூப்பிட்ட பெயரால் சம்பளம் வராது, வாக்கு வராது, காணி வராது. தோட்டத்துக் கிளாக்கர் எழுதியதுதான் எல்லாவற்றையும் தரும். இந்த இரண்டாவது வழியில் எழுதப்பட்ட மிகுபுனைவு தமிழில் மிகக் குறைவு. எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எழுத்துக்கு முன்னால் இலக்கம் வந்தது. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமிலிருந்து தலைமன்னார் வழியாகத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட தொழிலாளர்களிடம் தகர டிக்கட் கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம் என்று பொறித்த தகடு அது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் தான் எங்கே போகிறோம் என்பதைத் தன் மேலேயே சுமந்து போனார், வாசிக்கத்தான் முடியவில்லை. ஆளின் கடனைச் சுமந்த 'துண்டு' என்ற சீட்டு வேறு இருந்தது. கடனை அடைக்கும் தோட்டம் எதுவோ அதற்கு ஆள் சொந்தம் என்கிற அளவுக்கு வளர்ந்த அந்த முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். உங்கள் உலகத்தில் அடிமைகளோ கூலிகளோ இருந்தால், அவர்கள் மேல் தொங்குவது என்ன, அதில் இருப்பது பெயரா இலக்கமா, அதை வாசிக்க யாருக்குத் தெரியும் என்று ஒரு வரியாவது குறித்து வையுங்கள்.

பிறகு இலக்கத்தோடு பெயரும் ஏட்டுக்கு வந்தது. தோட்ட ஏடு இங்கிலீஷில். பதிவாளரின் ஏடு சில இடங்களில் சிங்களத்தில். பாடசாலை இடாப்பு தமிழில். மூன்று மொழியில் மூன்று கை எழுதினால் ஒரே பெண் மூன்று பேராக ஆவாள். வீட்டில் பாப்பா, பாடசாலையில் இலட்சுமி, தோட்டத்தில் லெட்சுமி. பிறந்த திகதி தெரியாதபோது பண்டிகையை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு நாள்.

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்களில் மணமானவர்கள் 7 ஆண்டும் மற்றவர்கள் 10 ஆண்டும் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்கு அவர்கள் கையில் இருந்தவை தோட்டத்து ஏடுகளும் கிடைத்த சான்றிதழ்களும்தாம். ஒரு தாளில் கருப்பையா மகள், இன்னொரு தாளில் வேறு எழுத்து என்றால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதையும் அவளே நிரூபிக்க வேண்டும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 9,75,000 பேரின் தலைவிதியைப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னால் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. 2003இல் குடியுரிமை வழங்க வந்த சட்டம் வரைக்கும் இந்தக் கதை நீண்டது. ஓர் உலகத்தின் பெயர் வழக்கம் அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் காட்ட முடிந்த மிகப் பெரிய உதாரணம் இதுதான்.

குடும்பப் பெயர் எங்கே முளைக்கும்

தமிழர் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர். எழுத்தாகச் சுருக்கினால் இனிஷல், விரித்தால் முழுப்பெயர். ஒரு தலைமுறையோடு அது தீர்ந்துவிடும், தாத்தா பெயர் தாளில் வராது. ஐஸ்லாந்திலும் கிட்டத்தட்ட இதே முறைதான். தகப்பன் பெயரோடு மகனுக்கு 'சொன்', மகளுக்கு 'டொட்டிர்' சேரும். தொலைபேசிப் பட்டியலில் ஆட்களைச் சொந்தப் பெயரை வைத்தே வரிசைப்படுத்துவார்கள்.

அரசு விரும்பினால் குடும்பப் பெயரை ஒரே நாளில் உண்டாக்கலாம். பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சடித்து ஊர் ஊராகப் பக்கங்களைப் பிரித்து அனுப்பினார். அதனால் சில ஊர்களில் எல்லோருடைய குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியது. துருக்கியில் 1934இல் சட்டம் வந்தது. முஸ்தஃபா கெமாலுக்கு அத்தாதுர்க் என்ற பெயர் நாடாளுமன்றம் கொடுத்தது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தார்கள், பெரியார் தம் பெயரிலிருந்து நாயக்கரை நீக்கினார். ஒரு நாட்டில் பெயரின் வாலை வெட்டுவது புரட்சியாகவும் இன்னொரு நாட்டில் வாலை ஒட்டுவது புரட்சியாகவும் இருக்கலாம் என்பது உங்கள் உலகத்தின் அரசியலுக்கு உதவும்.

சட்டம் போட ஆளில்லாத இடத்தில் குடும்பப் பெயர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வளரும். திம்புள்ளயைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களில் பெயருக்கு முன்னால் 'கே' என்று முடியும் நீண்ட வம்சப் பெயர் இருக்கும். முதியன்சேலாகே என்றால் முதியன்சே பட்டம் பெற்றவர் வீட்டைச் சேர்ந்தவர். கண்டி இராச்சியம் போய் இரண்டு நூற்றாண்டு கடந்தும் அரசன் கொடுத்த பட்டம் பேரப்பிள்ளையின் அடையாள அட்டையில் நிற்கிறது. அதே மலையின் மேலே லயத்தில் இருப்பவர் தன் பாட்டனின் பெயரைத் தாளில் காட்ட முடியாது. காரணம் எளிது. லயத்துக் காம்பரா, அதாவது குடியிருக்கும் அறை, தோட்டத்துக்குச் சொந்தம், மலை தோட்டத்துக்குச் சொந்தம். பாட்டனிடமிருந்து பேரனுக்கு இறங்க எதுவும் இல்லாத இடத்தில் இறங்குவதற்கு ஒரு பெயரும் தேவைப்படவில்லை.

விதிவிலக்கையும் பாருங்கள். மலையகத்தில் மூன்று நான்கு தலைமுறை தாண்டியும் கைமாறிய பெயர் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது தொண்டமான். தகப்பன் கருப்பையா கங்காணியாக இருந்து இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை வாங்கினார். மகன் சௌமியமூர்த்தி தொழிற்சங்கத் தலைவர், அமைச்சர். சௌமியமூர்த்தியின் பேரன் ஆறுமுகனும் அமைச்சர், ஆறுமுகனின் மகன் ஜீவனும் அமைச்சராக இருந்தவர். எல்லோரும் தொண்டமான். நிலமும் தலைமையும் இறங்கிய வீட்டில் பெயரும் இறங்கியது. புதுக்கோட்டை அரச வம்சமும் தாங்கிய பெயர் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் உலகத்தில் குடும்பப் பெயர் வைக்க நினைத்தால் இறங்குவது என்ன என்று முதலில் எழுதுங்கள். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையில் இதைத் துல்லியமாகச் செய்திருக்கிறார். மேட்டுக்குடியினரின் முறைதவறிப் பிறந்த பிள்ளைகளுக்கு நாட்டின் பகுதிக்குப் பகுதி வேறு வேறு பெயர். வடக்கே ஸ்னோ, தெற்கே டோர்ன் பகுதியில் சாண்ட். அந்தப் பெயரைக் கேட்டவுடன் இவனுக்குக் கோட்டை கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சோழர்களிடமும் இப்படிப் பொருள் சுமந்த ஒழுங்கு உண்டு. அரசர்கள் மாறி மாறி இராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் ஏற்றார்கள். முதலாம் இராஜராஜன் இராஜகேசரி, மகன் இராஜேந்திரன் பரகேசரி. பட்டத்தைக் கொண்டு கல்வெட்டு எந்த அரசனுடையதாக இருக்கலாம் என்பதை ஓரளவு குறுக்கலாம். இந்த ஒழுங்கை உடைக்கும் இளவரசன் ஒருவனை வைத்துக்கொண்டால் பாதிக் கதை கிடைத்துவிடும்.

எத்தனை முனியாண்டி

குடும்பப் பெயர் இல்லாத ஊரில் ஒரே பெயர்க்காரர்களை எப்படிப் பிரிப்பது? தோட்டம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. இடத்தால் பிரிப்பார்கள்: மேட்டு லயத்து முனியாண்டி, பணிய லயத்து முனியாண்டி. தோட்டத்தின் பிரிவுகளுக்கே மேக்கணக்கு, பணிய கணக்கு என்று பெயர், அது ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். வேலையால் பிரிப்பார்கள்: வாச்சர் முனியாண்டி, ஸ்டோர் முனியாண்டி. உடம்பால், உறவால், கூத்தில் கட்டிய வேடத்தால் பிரிப்பார்கள். காமன் கூத்தில் ரதி வேடம் கட்டிய ஆணை வயதான பிறகும் அந்தப் பெயரிட்டே கூப்பிடுவதில் ஊருக்குத் தனிப் பிரியம். இந்த அடைமொழிகள் செக்ரோலுக்கு வராது. ஏட்டுக்காரர் அவற்றைத் தேடி வந்தாலும் ஊர் சொல்லாது.

எழுதும்போது நான் சொல்லும் விதி இது: கதைமாந்தர் பத்துப் பேர் என்றால் இரண்டு பேருக்காவது ஒரே பெயர் வையுங்கள். வாசகர் குழம்புவார் என்று பயப்பட வேண்டாம். ஊர் அவர்களைப் பிரித்துக் கூப்பிடும் விதத்திலேயே உலகம் திறக்கும். பெயர் ஒன்றுகூட மறுபடி வராத ஊர் பொம்மை ஊர்.

வயதும் பெயரில் தெரிய வேண்டும். மூத்த தலைமுறைக்கு முனியாண்டி, கருப்பையா, மாரியாயி என்று ஊரிலிருந்து கூட்டி வந்த தெய்வங்களின் பெயர். அடுத்து யோகநாதன், இராஜேஸ்வரி. இன்றைய பிள்ளைகளுக்கு டிலக்ஷன், நிரோஷன், டிலானி, தனுஷிகா. அகராதியில் தேடிப் பொருள் காண முடியாத, ஓசைக்காகவே கட்டிய பெயர்கள் இவற்றில் நிறைய உண்டு. பலர் இதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலிக்காரப் பெயர் என்று ஏளனம் கேட்ட தாய், தன் பிள்ளையின் பெயரை வைத்து அவள் எங்கே பிறந்தாள் என்று எவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. கற்பனை உலகத்திலும் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே அச்சில் பெயர் வைத்தால் அங்கே காலம் ஓடவில்லை என்று ஆகிவிடும்.

சாமிக்கும் மலைக்கும்

தெய்வப் பெயர்களில்தான் மலையகத்துக் கற்பனை உச்சத்துக்குப் போயிருக்கிறது. கடல் தாண்டி வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் புதிய ஆபத்துகள் இருந்தன: தொழிற்சாலையின் சக்கரம், கவ்வாத்துக் கத்தி, செங்குத்தான மலை. அவற்றிலிருந்து காக்க ரோதைமுனி வந்தது. ரோதை என்றால் சுழலும் இயந்திரச் சக்கரம். கவ்வாத்துச்சாமி வந்தது, கொழுந்துச்சாமி வந்தது. பழைய முனி புதிய இயந்திரத்தோடு சேர்ந்து பிறந்த ரோதைமுனியை எந்த நாவலாசிரியரும் உண்டாக்கவில்லை, உழைக்கிறவர்கள் உண்டாக்கினார்கள். உங்கள் மக்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெயர்ந்தவர்கள் என்றால், அவர்களின் பழைய தெய்வத்தின் பெயரில் பாதியை எடுத்து, புதிய நிலத்தில் அவர்களை அச்சுறுத்தும் பொருளோடு சேர்த்துப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கலாம்.

இடப்பெயரில் அடுக்கு முக்கியம். நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை எல்லாம் சிங்களம். தோட்டத்துக்கு வந்தால் ஹோலிரூட், சமர்செட், பால்மோரல். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரையும் அரண்மனைகளையும் நினைத்து வைத்தவை. நானுஓயாப் பக்கம் அபோட்ஸ்ஃபோர்ட் என்று ஒரு தோட்டம், அக்கரப்பத்தனையில் வேவர்லி. முதலாவது ஸ்கொட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட் கட்டி வாழ்ந்த வீட்டின் பெயர், மற்றது 1814இல் அவர் எழுதிய நாவலின் பெயர். எங்கோ எழுதப்பட்ட கற்பனைக் கதையின் பெயரை இன்று கொழுந்துச் சாக்கிலும் பிறப்புச் சான்றிதழிலும் காணலாம். இதற்கு மேல் பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் தனியாக இருக்கும். தோட்டத்துக்குள்ளே ஒவ்வொரு மலைக்கும் இலக்கம்: ஐந்தாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. வரைபடம் வரைகிறவர் ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான் எழுதுவார். கதை எழுதுகிறவர் யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே பேசுகிறவரின் வகுப்பைக் காட்டிவிடலாம்.

ஆளுக்கும் ஊர் பெயராகும். மலையக இலக்கியத்தில் தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு, மல்லியப்பு சந்தி திலகர் என்று பெயர்கள் அமைந்ததைப் பாருங்கள். தெளிவத்தை ஒரு தோட்டம். மல்லியப்பு சந்தி ஹட்டன் பக்கத்தில் ஒரு சந்தி. சட்டம் காணி கொடுக்காத மண்ணைத் தங்கள் பெயரின் முன்னால் தாங்களே எழுதிக்கொண்டார்கள். குடும்பப் பெயர் இல்லாத சமூகம் தனக்கென்று செய்துகொண்ட மிக அழகான ஏற்பாடு இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் உலகத்தில் ஏடு தராத பெயரைத் தாமே எடுத்துக்கொள்கிறவர்கள் யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் கதாநாயகர்கள்.

ஒரு மக்களின் பெயரும் இப்படியே. வெளியே 'தோட்டக்காட்டான்' என்று இழித்துச் சொன்னார்கள். அரசாங்கத் தாள் 'இந்தியத் தமிழர்' என்றது. அவர்கள் தங்களை மலையகத் தமிழர் என்றார்கள். 2023இல் வருகையின் 200ஆம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள். மார்ட்டினின் நாவல்களில் வடக்கே நிற்கும் சுவருக்கு அப்பால் வாழ்கிறவர்களை உள்ளே இருப்பவர்கள் காட்டார் என்பார்கள், அவர்கள் தங்களைச் சுதந்திர மக்கள் என்பார்கள். கதைசொல்லி எந்தப் பெயரைப் பாவிக்கிறார் என்பதில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வெளிப்படும். அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

ஓசை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லா வழிகாட்டி நூல்களும் இதை மட்டுமே சொல்கின்றன. தமிழ் இலக்கணப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன சொல்லின் முதலில் வராது. அதனால்தான் இராமன், இலட்சுமணன், அரங்கன். இந்த ஒரு விதியை வைத்தே உங்கள் உலகில் இரண்டு இனங்களைப் பிரிக்கலாம். ஓர் இனத்தின் பெயர்கள் எல்லாம் இந்த விதிக்குள் நிற்கட்டும், மற்றதன் பெயர்கள் ட, ர, லவில் தொடங்கட்டும். வாசகருக்குக் காரணம் சொல்லாமலே வேற்றுமை தெரியும். அடுத்தது வாய் மாற்றம். பரேட் பிரட்டு ஆனது, ஹட்டன் அட்டன் ஆனது. ஓர் இனம் மற்றதன் பெயரை எப்படிச் சிதைத்துச் சொல்லும் என்பதற்கு நிலையான விதி வையுங்கள். ஒருமுறை 'ழ' 'ள' ஆனால் எப்போதும் ஆகட்டும்.

ஒரு பக்கம் செய்து பார்ப்போம்

மேகத்துக்கு மேலே எழும் ஒரு மலைத்தொடர். அங்கே வாழ்கிறவர்கள் விடிகாலையில் மூட்டத்தைச் சாடிகளில் பிடித்துக் கீழ்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். கீழ்நாட்டில் மழை இல்லை. சாடிக்கு ஒரு கோடு என்று ஏட்டில் இழுப்பவர் அளவர், கீழ்நாட்டுக்காரர். அவருடைய மொழியில் ழகரம் இல்லை.

மலைக்காரர்களுக்கு நிலம் சொந்தமில்லை, ஆகவே குடும்பப் பெயர் வைக்க மாட்டோம். பிறந்த பருவத்துக் காற்றை வைத்துப் பெயர்: யாழி, சுழலி, வாடையன், தென்றி. மூட்டம் பிடிக்கும் மட்டத்தைக் கொண்டு ஊர் பிரித்துக் கூப்பிடும்: அடிமேகத்து யாழி, மேல்மேகத்து யாழி. கீழ்நாட்டாருக்கு மாடங்களும் கிணறுகளும் உண்டு, கிணற்றின் பெயர் மகளுக்கு இறங்கும், ஆகவே அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. அவர்கள் பெயர்கள் ர, லவில் தொடங்கும்: ரவந்தை, லோமிகன், ரிசாளன். மலைத்தெய்வம் முன்பு வேட்டைக்குக் காவல் நின்ற வில்லி. சாடி உடைந்து கைகள் கிழியத் தொடங்கிய பிறகு அது சாடிவில்லி.

இப்போது ஏட்டைத் திறப்போம். அளவர் யாழியை யாளி என்று எழுதுகிறார். அடிமேகத்திலும் யாளி, மேல்மேகத்திலும் யாளி. அடைமொழிக்கு ஏட்டில் கட்டம் இல்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் புதிய அளவர் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதென்று ஒன்றை அடித்துவிடுகிறார். அடித்த பெயர் யாருடையது என்று அவருக்கே தெரியாது. அடுத்த நாள் காலை இரண்டு பெண்கள் சாடியோடு வந்து நிற்கிறார்கள், ஏட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.

கதை இங்கிருந்து தானாக நகரும். யாருக்குக் கோடு விழும், இன்னொருத்தி எங்கே போவாள், ஊர் யார் பக்கம் நிற்கும், மலையில் எழுதத் தெரிந்தவர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். எழுதத் தெரிந்த ஒரு கிழவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடு கிடைக்காத பெண் கீழ்நாட்டு மன்றத்துக்கு மனுப் போடச் சொல்லி அவரிடம் வருகிறாள். மனுவின் அடியில் பெயர் வேண்டும். யாழி என்று எழுதினால் அப்படி ஒருத்தி எந்த ஏட்டிலும் இல்லை. யாளி என்று எழுதினால் அந்தப் பெயருக்குரியவள் ஏற்கெனவே கூலி வாங்கிக்கொண்டிருக்கிறாள். மேல்மேகத்து யாழி என்று எழுத அவளுக்கு ஆசை, ஆனால் அது ஊர் கூப்பிடும் பெயர், கீழ்நாட்டாரிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை. மூன்றில் எதை எழுதுவாள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் முதல் வரியைத் தொடங்குங்கள்.